பின் சக்கரத்துக்கும் ஒரு ஸ்டியரிங்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் போனில் பேசும்போது கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மழை வந்தா வலிக்கும்டே. மட்டாஞ்சேரியில மழைக்கு என்ன பஞ்சம்?" என்றார். வலது காலில் அவருக்கு இரண்டு விரல்தான். 1987 மழைக்காலத்துக்கு முன்னால் ஐந்தும் இருந்தன.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மிளகுக் கிடங்கில் கணக்கெழுத கொச்சிக்கு வந்தவர். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பழைய கிடங்குகள், நடுவில் ஒடுங்கிய சாலை, அதிலிருந்து பிரியும் சந்துகள் அதைவிட ஒடுக்கம். அன்றைக்குச் சந்துக்குள் திரும்பிய லாரிக்கு வழிவிட்டு, அப்பா மூலைச் சுவரோடு ஒட்டி நின்றார். முன் சக்கரம் நன்றாகத் தள்ளித்தான் போனது. பின் சக்கரம்தான் உள்ளே வெட்டிக்கொண்டு வந்து காலில் ஏறியது.

"டிரைவர் மேல தப்பில்லடே. வண்டியோட பிறவிக் குணம்" என்று இன்றைக்கும் சொல்வார். நானும் வளர்ந்து, படித்து, இங்கே நகோயாவில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். முன் சக்கரம் மட்டும் திரும்பும் வண்டியில், வளைவில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது. அதற்கு உள்பக்கமாகவே வரும். வண்டி நீளமாக நீளமாக இந்த வெட்டு அதிகமாகும். 1818-ல் லண்டனில் ஆக்கர்மான் காப்புரிமை வாங்கிய ஸ்டியரிங் அமைப்பு முன் சக்கரங்களை ஒழுங்காகத் திருப்பியது. (உண்மையில் கண்டுபிடித்தவர் மியூனிக்கைச் சேர்ந்த வண்டி செய்பவர் லாங்கென்ஸ்பெர்கர். பெயர் மட்டும் ஆக்கர்மானுக்கு!) பின் சக்கரம் அப்போதும் சும்மா கூடவேதான் வந்தது.

பின் சக்கரத்தையும் திருப்பினால் என்ன? 1913-லேயே அமெரிக்காவில் ஜெஃப்ரி குவாட் என்ற லாரி நான்கு சக்கரங்களையும் திருப்பியது. முதல் உலகப் போரில் சேற்றிலும் ஓடியது. ஆனால் அது மெதுவாகப் போகும் லாரி. வேகமாகப் போகும் காரில் பின் சக்கரம் முன்னதற்கு எதிர்ப்பக்கம் திரும்பினால் வண்டி சட்டென்று சுழன்றுவிடும். வேகத்தில் இரண்டும் ஒரே பக்கம் லேசாகத் திரும்ப வேண்டும். சந்தில் எதிரெதிராகத் திரும்ப வேண்டும். எப்போது எந்தப் பக்கம்? இதுதான் சிக்கலே.

விடை ஜப்பானில் வந்தது. 1985-ல் நிசான் ஸ்கைலைனில் ஹைகாஸ் என்ற அமைப்பு, பின் சக்கரங்களை வேகத்தில் மட்டும், ஒரு டிகிரிக்கும் குறைவாக, ஒரே பக்கம் திருப்பியது. 1987-ல், அப்பாவின் கால் போன அதே வருடம், ஹோண்டா பிரிலூட் வந்தது. அதில் இந்த வேலைக்கு கம்ப்யூட்டர் கிடையாது, வெறும் பல்சக்கரங்கள்தான். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் பின் சக்கரம் அதே பக்கம் 1.5 டிகிரி வரை. நிறையத் திருப்பினால் எதிர்ப்பக்கம் 5.3 டிகிரி வரை. வேகமாகப் போகும்போது யாரும் ஸ்டியரிங்கை முழுதாகச் சுற்ற மாட்டார்கள் இல்லையா? அந்தச் சின்ன உண்மைதான் மொத்த யோசனையும். மாஸ்டா அதே வருடம் வேகத்தை அளந்து, 35 கிலோமீட்டருக்குக் கீழே எதிர்ப்பக்கம், மேலே ஒரே பக்கம் என்று மின்னணுவிடம் விட்டது.

அப்புறம் ஏன் எல்லா வண்டியிலும் இது வரவில்லை? விலை, எடை, பராமரிப்பு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய பிக்கப்களில் 2002-ல் குவாட்ராஸ்டியர் கொண்டுவந்தது. பின் சக்கரம் 12 டிகிரி வரை திரும்பும். வாங்க ஆள் குறைவு, 2005-ல் நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு வம்பும் உண்டு. பின் சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பினால் உள்வெட்டு குறையும், ஆனால் வண்டியின் வால் வெளிப்பக்கம் வீசும். சுவரோரம் நிறுத்திய வண்டியை அப்படியே ஒடித்து எடுத்தால் பின் மூலை சுவரில் உரசும். அங்கே ஆள் நின்றால்? 2020-ல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பின் சக்கரம் 10 டிகிரி வரை திரும்பும். அதில் ரேடாரும் கேமராவும் அல்ட்ராசானிக் சென்சாரும் சுற்றுப்புறத்தைப் பார்த்து, எவ்வளவு திருப்பலாம் என்பதை இடத்துக்குத் தக்கபடி முடிவு செய்கின்றன. பின் சக்கரத்தைத் திருப்பக் கற்று நூறு வருடம் கழித்துத்தான் அதற்குக் கண் வந்தது.

இதை அப்பாவிடம் விளக்கினேன். சிரித்தார். "நம்ம பஜார்ல மூட்டை கொண்டுபோற கைவண்டிய மறந்துட்டியா? முன்னால இழுக்கிறவன் ஒருத்தன், பின்னால தள்ளுறவன் ஒருத்தன். மூலை வந்தா முன்னால உள்ளவன் இடப்பக்கம் இழுப்பான், பின்னால உள்ளவன் வாலை வலப்பக்கம் தள்ளுவான். தள்ளுறதுக்கு முன்னாடி ஒரு தடவ திரும்பிப் பாப்பான், யாராவது நிக்காங்களான்னு."

பத்து வருடமாக நான் வேலை பார்க்கும் துறையை அவர் நாலு வரியில் முடித்துவிட்டார்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஊரில் ஓடும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் இந்தக் கண் கிடையாது. லீவுக்குப் பிள்ளைகளோடு போகும்போது, பெரிய வண்டி திரும்பும் மூலையில் உள்பக்கம் நிற்காதீர்கள். முன் சக்கரம் தாண்டியதும் ஆபத்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.