பசுவின் காதிலே ஓர் எண்

வேடந்தாங்கல் என்றதும் பறவைகளே நம் நினைவுக்கு வரும். அங்கே செல்லும்போது ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களின் மாடுகளையும் சற்றுக் கவனியுங்கள். பல மாடுகளின் காதில் ஒரு மஞ்சள் வில்லை தொங்கும்; அதில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். எதற்காக அது?

நம் முன்னோர் கால்நடை மருத்துவத்தை 'மாட்டு வாகடம்' என்ற பெயரில் ஓலைச்சுவடிகளில் எழுதி வைத்தனர். அவை நோயையும் மருந்தையும் கூறின. தனி ஒரு மாட்டின் வரலாற்றைக் கூறவில்லை. மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய் முதலியவற்றை ஆராய 1868-இல் ஆங்கில அரசு ஒரு குழுவை அமைத்தது. 1903-இல் சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. தடுப்பூசியாலும் ஊர் ஊராக நடந்த கண்காணிப்பாலும் வெக்கை நோய் ஒடுங்கியது. 2011-இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. பதிவேட்டில் மாட்டுக்கு அடையாளம், உரிமையாளர் பெயரும் மாட்டின் நிறமுந்தான். சந்தையில் மாடு கைமாறினால் அதன் வரலாறு அறுந்துபோகும். இக்குறையைத் தீர்க்கவே காது எண் வந்தது. தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய 'இனாஃப்' என்னும் கணிப்பொறி மென்பொருளில் அவ்வெண்ணின்கீழ் சினை, ஈற்று, தடுப்பூசி எல்லாம் பதிவாயின. கோமாரி, கன்று வீச்சு ஆகிய இரு நோய்களையும் ஒடுக்க 2019-இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கியபோது அதன் தேவை பெருகிற்று. 2023-இல் அதன் இடத்திற்குப் 'பாரத் பசுதன்' என்ற புதிய அமைப்பு வந்தது.

பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறுவது, வீடு மாறும்போது சாமான்களை ஏற்றி இறக்குவது போன்றதன்று. சாமான் தொலைந்தால் உடனே தெரியும். குறிப்பு தொலைந்தால் தெரியாது. 05-07 என்பது ஜூலை 5-ஆ, மே 7-ஆ? பழைய அமைப்பு ஒருவிதமாகவும் புதியது வேறுவிதமாகவும் கொண்டால், கன்றின் வயதில் இரண்டு மாதம் பிழையாகும்.

இதனால் என்ன கேடு? கன்று வீச்சுத் தடுப்பூசி கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரே ஒரு முறை போடப்படுவது. அக்குறிப்பு மறைந்து, வளர்ந்த பசுவுக்கு மீண்டும் போட்டுவிட்டால், பின்னர் இரத்தப் பரிசோதனையில் அது நோயுற்ற பசுபோல் தோன்றலாம். நல்ல பசுவின்மீது வீண்பழி. ஓர் ஏழைக் குடும்பத்தின் பிழைப்புக்கு இடி!

ஆகவே மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பதிவுகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். சில காது எண்களை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பழைய படியையும் பத்திரப்படுத்த வேண்டும். தனக்கு ஊசி போட்டாயிற்று என்று பசு வாய்திறந்து சொல்லாது. அதற்காகப் பேசுவது அந்தக் குறிப்பு ஒன்றுதான்.