சூலமங்கலம் சகோதரிகள்

சூலமங்கலம் சகோதரிகள், தஞ்சை வட்டாரத்துச் சூலமங்கலத்தைச் சேர்ந்த ஜெயலட்சுமி (1937–2017), ராஜலட்சுமி (1940–1992) ஆகியோர் இணைந்து பாடிய கர்நாடக, பக்தி இசை இணை. பெண்கள் இருவராகக் கச்சேரி செய்யும் வழக்கத்தைப் பரப்பியவர்களுள் இவர்களும் அடங்குவர். ‘தெய்வம்’ (1972) முதலிய படங்களில் பாடினர். ராஜலட்சுமி ‘தரிசனம்’ (1970) படத்துக்கு இசையும் அமைத்தார், அக்காலப் பெண்களுக்கு அது அரிய வாய்ப்பு.

இவர்கள் பெரும்புகழ் பெற்றது சபா மேடையைவிட இசைத்தட்டால் எனலாம். முருகன் மீது தேவராய சுவாமிகள் இயற்றிய கந்த சஷ்டி கவசத்தின் பதிவே இதற்குச் சான்று. அக்கவசம் முன்பே பாராயணத்தில் இருந்ததே என்று மறுக்கலாம். நூல் பழையதுதான், ஆனால் ராகமாலிகையில் அமைந்த இவர்களது பதிவே அதை ஒலிபெருக்கி வழியாக, நூலைக் கையில் எடுக்காதோரிடமும் ஒரே மெட்டில் கொண்டுசேர்த்தது. ஊர்ப்புறங்களிலும் சஷ்டி, கிருத்திகை நாட்களில் பரவலாக ஒலிப்பது இப்பதிவே.