புதுப்பட்டிப் பெண்களும் தென்காசித் தொகுதியும்

ஸ்ரீவில்லிபுத்தூரைப் பெண்ணின் ஊர் என்பார்கள். ஆண்டாள் பிறந்த ஊர், சரி. ஆனால் அந்தக் கோபுரத்தைத் தூரத்தில் பார்த்தபடி வயலில் குனிந்து நின்ற சேரிப் பெண்களின் வரலாற்றை யார் எழுதினார்கள்? ஒருவர் எழுதினார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். வத்திராயிருப்பு அருகே வ.புதுப்பட்டியில் 1958இல் பிறந்த பாமா.

‘கருக்கு’ 1992இல் வந்தது. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய பெண்ணின் தன்வரலாறு என்று மட்டும் அதைப் பலர் நினைவு வைத்திருக்கிறார்கள். தோழர்களே, அதில் கல்லறைத் தகராறு வரும் பகுதியை மறுபடி படியுங்கள். சாலியருக்கும் பறையருக்கும் கல்லறை நிலம் குறித்துச் சண்டை. போலீஸ் சேரிக்குள் புகுந்து அடிக்கிறது. ஆண்கள் காட்டுக்கும் மலைக்கும் ஓடுகிறார்கள். மிஞ்சியது பெண்கள். வேலைக்குப் போவது, குழந்தைகளைப் பார்ப்பது, போலீசுக்குப் பதில் சொல்வது, ஒளிந்திருப்பவர்களைக் காப்பது எல்லாம் அவர்கள் தலையில். அந்த நேரத்தில் ஒரு சிறுவன் இறந்துபோகிறான். தலைமறைவாக இருந்த தகப்பனுக்குச் சேலை கட்டிவிட்டு, பெண்களோடு பெண்ணாகக் கூட்டிவந்து மகன் முகத்தைப் பார்க்க வைக்கிறார்கள். இதற்கு யாரும் கூட்டம் போடவில்லை, தீர்மானம் நிறைவேற்றவில்லை. இதைத் தலைமை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அடுத்து வந்த ‘சங்கதி’யில் (1994) தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் மைக்கண்ணி இருக்கிறாள். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற கணக்கும் இருக்கிறது. பொருளாதாரப் பாடப்புத்தகத்தைவிட இந்த வட்டாரத்தைப் புரிந்துகொள்ள அது உதவும் என்பது என் எண்ணம்.

பெயர் காணாமல் போவது நம் பெண்களுக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பண்ணைத் தொழிலாளருக்காக 1962இல் சேசர் சாவேசுடன் சேர்ந்து சங்கம் கட்டியவர் தோலோரெஸ் ஹுவேர்த்தா. ‘நம்மால் முடியும்’ என்ற பொருளில் 1972இல் அவர் தந்த முழக்கம் பல காலம் சாவேசின் பெயரிலேயே உலவியது. இங்கே 1938இல் ‘பெரியார்’ பட்டம் வழங்கிய பெண்கள் மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ரங்கூனில் பிறந்த தலித் தலைவர் மீனாம்பாள் சிவராஜ். பட்டம் எல்லோருக்கும் தெரியும். மீனாம்பாளை எத்தனை பேருக்குத் தெரியும்?

அதிகாரத்துக்கான கதவு திறந்தது ஊராட்சியில். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு, அதற்குள் தலித் பெண்களுக்கும் பங்கு. 2016இல் அது பாதியாக உயர்ந்தது. நாற்காலி கிடைத்தது; உட்கார விட்டார்களா என்பது வேறு கதை. திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்தில் 2006இல் ஊராட்சித் தலைவரான கிருஷ்ணவேணி, பெண்களுக்குக் கழிப்பறை கட்ட இடம் எடுக்க முயன்றார். 2011 ஜூனில் அவரை வெட்டினார்கள். உயிர் பிழைத்தார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவர் ராஜேஸ்வரியைத் தரையில் உட்காரவைத்த படம் நம் எல்லோர் கைப்பேசியிலும் வந்தது.

இனி நம் தொகுதிகளைப் பாருங்கள். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி தனித் தொகுதிக்குள் வருகின்றன. அங்கிருந்து 2014இல் வசந்தி முருகேசன், 2024இல் மருத்துவர் ராணி ஸ்ரீகுமார் என இரு பெண்கள் நாடாளுமன்றம் போனார்கள். முந்தையவர் அதிமுக, பிந்தையவர் திமுக. மறுசீரமைப்பில் தனித் தொகுதியான ஸ்ரீவில்லிபுத்தூர் 2016இல் சந்திரபிரபாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அதே மறுசீரமைப்பில் பொதுத் தொகுதியான ராஜபாளையத்தில் 2011, 2016, 2021 மூன்று முறையும் ஆண்கள்தான். இடஒதுக்கீடு திறமையைக் கெடுக்கிறது என்று பேசுபவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அதற்காக நம் வேட்பாளர்களை விமர்சனமின்றி ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தனித் தொகுதியிலும் வெற்றியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மற்ற சாதிகளின் ஓட்டு. அந்தச் சிக்கலை அம்பேத்கர் பூனா ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பத் திரும்பச் சொன்னார்.

தொழிலில்தான் கணக்கு உதைக்கிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தில் நைட்டியும் உள்பாவாடையும், ஸ்ரீவில்லிபுத்தூரில் 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. நம் பெண்கள் தறியிலும் தையல் மிஷினிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளியாக எத்தனை பேர்? 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழு முறை அவர்களுக்குக் கடன் வாங்கவும் வங்கிக்குள் நிமிர்ந்து நடக்கவும் பழக்கியது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குழுக் கடனில் ஒரு மாடோ ஒரு மிஷினோ வாங்கலாம். பத்து மிஷின் போட ஜாமீன் கேட்பார்கள். நிலமில்லாதவள் எதை ஜாமீன் வைப்பாள்? நூல் கடனாகத் தர ஆள் வேண்டும், சரக்கை எடுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் சொந்தம், சாதி வழியாக வருகிறார்கள்.

2023இல் மாநில அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தில். கல்லூரி விடுமுறையில் ஊருக்குப் போகும் தம்பி தங்கைகள் உங்கள் தெருவில் தைக்கும் அக்காக்களிடம் இதைச் சொல்லுங்கள். திட்ட அறிக்கை எழுத உடன் உட்காருங்கள். வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.