குடிமராமத்து: உழைப்பும் உரிமையும்

சாத்தூருக்கு அருகே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கன்குடி அமைந்துள்ளது. ஆடி மாதத்தில் மாரியம்மனை வழிபட மக்கள் திரளும் ஊர் அது. இரண்டு ஆறுகள் கூடும் ஊர் என்றதும் என்றும் வற்றாத வளம் உங்கள் மனக்கண்முன் தோன்றலாம். ஆனால் அவ்விரு ஆறுகளும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. வடகிழக்குப் பருவமழை தரும் நீரைத் தேக்கினாலன்றி எஞ்சிய மாதங்களுக்கு வாழ்வில்லை. இன்று அங்கே ஓர் அணை உண்டு. அணை எழுவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வறண்ட வட்டாரத்தைக் காத்து வந்தவை கண்மாய்கள். அவற்றைக் காத்த ஊர்க்கூட்டுழைப்பைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகின்றேன்.

கண்மாய் என்பது வெறும் பள்ளமன்று. வரத்துக்கால் நீரைக் கொணரும். கரை அதைத் தாங்கும். மடை வயலுக்கு விடும். மிகுந்த நீர் கலிங்கின் வழியே அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்லும். கோடையில் உழவர்கள் அடியில் படிந்த வண்டலை வண்டி வண்டியாக அள்ளித் தம் வயல்களில் இட்டனர். கண்மாய் ஆழமாயிற்று, நிலமும் உரம் பெற்றது. கரையை உயர்த்துவதும், கால்வாயைத் தூர்வாருவதும் ஊரார் அனைவரும் கூடிச் செய்த பணிகள். இதற்கே குடிமராமத்து என்று பெயர்.

நீர்நிலையையும் தோட்டத்தையும் பொதுவில் பேணும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கி.பி. 921-இல் பொறிக்கப்பெற்றது. குடவோலை முறையால் தேர்ந்தவர்களுள் 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் 360 நாட்கள் பணியாற்ற வேண்டும் என்று அது விதிக்கின்றது. கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட இயலாது. ஆயினும், சொந்த நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அவ்வுரிமை கிட்டியது. கண்மாய் நாட்டிலும் பல ஊர்களில் மடை திறந்து நீர் பாய்ச்சியவர் நிலமற்ற எளியோரே. பழைமையைப் போற்றும்போது இக்குறையை மறைத்தல் முறையன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் குடிமராமத்து நலிந்தது. அதனைக் கட்டாயத்தால் நிறுத்த 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்றினர். வழக்கப்படி தர வேண்டிய உழைப்பைத் தக்க காரணமின்றித் தர மறுப்பவர், அதன் மதிப்பைப் போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்றது அச்சட்டம். எனினும் பழைய வழக்கம் உயிர்பெறவில்லை. ஏன்? கண்மாயின் மீன்பாசிக் குத்தகையும் கரைமரங்களின் பயனும் ஊர்ப் பொதுவுக்கு உதவிய காலத்தில், மண் சுமந்தவன் தன் உடைமைக்கே சுமந்தான். வருவாயும் அதிகாரமும் அரசைச் சேர்ந்த பின்னர், ஊராருக்கு எஞ்சியது சுமை ஒன்றே. உரிமை நீங்கிய இடத்தில் கடமை எவ்வாறு நிலைக்கும்?

1920-களிலிருந்து சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் மக்களுக்கு வேறு பிழைப்பைத் தந்தன. வயலை விட்டவர் கண்மாயையும் மறந்தனர். ஆனால் ஆலைக்குச் செல்வோர் வீட்டுக் கிணற்றிலும் நீர் ஊற வேண்டுமன்றோ? கண்மாய் நிறைந்தால்தான் கிணறு ஊறும். ஆகவே அது உழவர்க்கு மட்டும் உரியதன்று.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனம் பெறுவோர் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. நன்முயற்சியே. ஆயினும் வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு: உழைப்பில் பங்கு கேட்போர், முடிவெடுப்பதிலும் பயனிலும் பங்கு தருதல் வேண்டும்.

மாணவர்களே! விடுமுறையில் உங்கள் ஊர்க் கண்மாயைச் சுற்றி வாருங்கள். வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, கலிங்கு நீர் எந்த ஊருக்குப் போகிறது, மீன்பாசிப் பணம் யாரைச் சேர்கிறது என்று பெரியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த மழைக்கு முன் ஊர் கூடும்போது, அக்குறிப்பு பயன்படும்.