பல் கூச்சம்: பேஸ்ட், வார்னிஷ், சிமெண்ட், லேசர்... யாருக்கு எது?

மத்தியான வெயிலில் ஒரு டம்ளர் ஐஸ் மோர். முதல் வாய் உள்ளே போனதும் சுரீர்னு ஒரு வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு விநாடி நிற்கிறோம், வலி போய்விடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம். மறுபடி ஒரு ஐஸ்கிரீம், மறுபடி அதே சுரீர். சிலர் டிவி விளம்பரத்தைப் பார்த்து ஒரு பேஸ்ட் வாங்குகிறார்கள். இன்னும் சிலர், 'போனா ரூட் கெனால்னுதான் சொல்வாங்க' என்று பயந்து பல் டாக்டர் பக்கமே போவதில்லை.

இரண்டு பேருமே ஏமாற வாய்ப்பிருக்கிறது. சொத்தைப் பல்லுக்கு மாதக்கணக்கில் பேஸ்ட் தேய்ப்பவர், கடைசியில் பல்லையே பிடுங்க வேண்டியதாகலாம். வெறும் கூச்சத்துக்குப் பயந்தவர், ஒரு மாதம் பேஸ்ட்டிலேயே சரியாகியிருக்கக்கூடியதை வருஷக்கணக்கில் அனுபவிப்பார்.

*விநாடியை எண்ணுங்க*

குளிர்ச்சியோ புளிப்போ பட்டதும் சுரீர்னு வந்து, அதை எடுத்ததும் சில விநாடிகளில் அடங்கினால் அது பெரும்பாலும் கூச்சம்தான். தண்ணீரை விழுங்கிய பிறகும் அரை நிமிஷத்துக்கு மேல் விண் விண் என்று தெறித்தால், சூடான டீக்கு வலி கூடினால், ராத்திரி தூக்கத்தில் எழுப்பினால், கடிக்கும்போது ஒரு பல் மட்டும் குத்தினால் அது வேறு கதை. ஆழமான சொத்தை, பல்லில் விரிசல், உள்ளே நரம்பில் வீக்கம் என எதுவாகவும் இருக்கலாம். அதற்கு எந்த பேஸ்ட்டும் மருந்தாகாது.

*ஏன் கூசுகிறது?*

பல்லின் மேல் இருப்பது எனாமல். அதற்கு உணர்ச்சி கிடையாது. அடியில் இருப்பது டென்டின். கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் அதில் உண்டு. அவை நடுவில் இருக்கும் நரம்பை நோக்கிப் போகின்றன, உள்ளே திரவம் இருக்கிறது. குளிர்ச்சி பட்டதும் அந்தத் திரவம் நகர்கிறது, நரம்பு அலறுகிறது. 1960களில் சுவீடன் ஆய்வாளர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் முன்வைத்த இந்த விளக்கத்தைத்தான் பல் மருத்துவம் இன்றும் ஏற்கிறது.

அதனால் சிகிச்சைக்கு வழி இரண்டுதான்: குழாயின் வாயை அடைப்பது, அல்லது நரம்பை அமைதிப்படுத்துவது. கடையில் இருப்பதும் கிளினிக்கில் இருப்பதும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

எனாமல் தேய்ந்தாலோ, ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிந்தாலோ டென்டின் திறந்துகொள்ளும். இங்கேதான் நம்ம ஊர் பழக்கம் வருகிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கியது பாகூர். நெல் இருக்கும் இடத்தில் உமி இருக்கும், உமி இருந்தால் உமிக்கரி இருக்கும். தாத்தா பாட்டி அதில்தான் பல் தேய்த்தார்கள், நாங்களும் அதே என்று பெருமையாகச் சொல்வோர் உண்டு. உமிச் சாம்பலில் நிறைய இருப்பது சிலிகா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். பல் பளிச்சென்று ஆவது உண்மைதான், ஆனால் அழுக்கோடு சேர்ந்து பல்லும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. கரகரப்பான பற்பொடி, செங்கல் தூள், கல் உப்பு எல்லாம் இதே வகை. வேப்பங்குச்சியை நன்றாக மென்று மிருதுவாக்கித் தேய்த்தால் அவ்வளவு பிரச்னை இல்லை. பேஸ்ட் போடுகிறவர்களும் தப்பிக்கவில்லை. கெட்டியான பிரஷ்ஷால் ரம்பம் அறுப்பது மாதிரி பக்கவாட்டில் தேய்த்தால் பல்லின் கழுத்தில், ஈறை ஒட்டி, ஆப்பு வடிவத்தில் குழி விழும். நகத்தை வைத்துப் பார்த்தாலே தட்டுப்படும்.

*பேஸ்ட்: முதல் படி*

பிராண்டைப் பார்க்காதீங்க, டியூப்பின் பின்பக்கத்தைப் படிங்க. 5% பொட்டாசியம் நைட்ரேட் என்று இருந்தால் அது நரம்பை அமைதிப்படுத்தும் வகை. (ஆமாம், பட்டாசு மருந்தில் சேர்க்கும் அதே வெடியுப்புதான். பேஸ்ட்டில் பயமில்லை.) ஸ்டானஸ் ஃபுளோரைடு, அர்ஜினின், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் என்று இருந்தால் குழாயை அடைக்கும் வகை. ஸ்ட்ரான்ஷியம் சேர்த்த பழைய வகைகளுக்கு ஆய்வுகளில் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை.

பலர் நான்கு நாள் தேய்த்துவிட்டு 'சும்மா விளம்பரம்'னு தூக்கிப் போடுவதுதான் சிக்கல். பொட்டாசியம் வகைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வேண்டும், தினமும் இரண்டு வேளை. துப்பிய பிறகு வாயைத் தண்ணீர் விட்டு அலசி அலசிக் கொப்பளித்தால் மருந்தும் சேர்ந்து போய்விடும். நான்கு வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் அடுத்த டியூப் வாங்காமல் டாக்டரிடம் போங்க. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் இது வேண்டாம்.

*கிளினிக்கில் செய்வது*

ஃபுளோரைடு வார்னிஷ்: பல பற்கள் லேசாகக் கூசுபவர்களுக்கு நல்ல தேர்வு. சாதாரண பேஸ்ட்டில் சுமார் 1,000 பிபிஎம் ஃபுளோரைடு என்றால், இதில் 22,600. பிரஷ்ஷால் பூசுவது சில நிமிஷ வேலை, ஊசி கிடையாது. அன்றைக்குக் கெட்டியான, சூடான சாப்பாட்டைத் தவிர்க்கச் சொல்வார்கள். சில மாதங்களில் தேய்ந்துபோகும், மறுபடி பூசலாம். குளூட்டரால்டிஹைடு சேர்ந்த திரவம் இன்னொரு வகை, குழாய்க்குள் இருக்கும் புரதத்தை உறைய வைத்து அடைக்கும். ஈறில் பட்டால் புண்ணாகும் என்பதால் டாக்டர் கையால் மட்டுமே.

சிமெண்ட்: பல்லின் கழுத்தில் குழி விழுந்துவிட்டால் பேஸ்ட்டும் வார்னிஷும் ஓரளவுக்குத்தான். குழியை அடைக்கத்தான் வேண்டும். கிளாஸ் அயனோமர், அல்லது பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட். குழி மூடியதும் கூச்சம் உடனே குறையும். ஆனால் அதே பிரஷ், அதே ரம்பம் என்றால் அடைத்தது ஓரத்தில் பெயர்ந்து வந்துவிடும்.

லேசர்: கேட்கும்போது பெரிய விஷயமாகத் தெரியும், செலவும் அப்படியே. மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2021ல் பார்த்தபோது, கொஞ்சம் பலன் இருக்கலாம், ஆனால் சான்று உறுதியாக இல்லை என்றே சொன்னது. முதல் தேர்வாக இதை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஈறு நிறைய இறங்கியிருந்தால் ஈறு அறுவை சிகிச்சை. ரூட் கெனால் என்பது நரம்பையே எடுப்பது. சாதாரண கூச்சத்துக்கு யாராவது எடுத்த எடுப்பில் ரூட் கெனால் சொன்னால், 'எக்ஸ்ரேயில் என்ன தெரியுது?' என்று தைரியமாகக் கேளுங்க. தேவைப்பட்டால் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்க.

*பல் சுத்தம் செய்தால் கூசுமா?*

கூசும், சில நாள். இத்தனை வருஷம் வேரை மூடியிருந்த காரை போய்விட்டதால் வருவது அது. எனாமலைச் சுரண்டிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. கிராம்புத் தைலம் தற்காலிகமாக மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். அடிக்கடி வைத்தால் ஈறு வெந்துபோகும். எலுமிச்சை ஜூஸ், சோடா குடித்த உடனே பல் தேய்க்காதீங்க. அமிலத்தில் இளகிய எனாமல் சுலபமாகத் தேயும், அரை மணி நேரமாவது போகட்டும்.

*எங்கே போகலாம்?*

இந்தப் பகுதிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வில்லியனூர் கொம்யூனில் அரியூரில் வெங்கடேஸ்வரா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாகூர் கொம்யூனில், கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவ அறிவியல் நிறுவனம். அரசு மருத்துவமனைதான் வேண்டும் என்றால் கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம். கல்லூரி மருத்துவமனைகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் பார்ப்பார்கள். நேரம் கூடுதலாகும், கட்டணம் பொதுவாகத் தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய் சீட்டுப் போட்டுவிடுவது நல்லது.

போகும்போது மூன்று விஷயம் குறித்து வைத்துக்கொள்ளுங்க: எந்தப் பல், எது பட்டால் கூசுது, எத்தனை விநாடி நிற்குது. வீட்டில் தேய்க்கும் பொடி, பிரஷ் இரண்டையும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக் காட்டினால், டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.