லார்ட் லைன் கட்டடம்: ஹல் மீன்பிடித்துறையின் எச்சம்

லார்ட் லைன் கட்டடம் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், ஹம்பர் கழிமுகத்தை ஒட்டிய ஹல் நகரில் உள்ள செங்கல் கட்டடம். செயின்ட் ஆண்ட்ரூஸ் மீன்பிடித்துறையின் வாயிலருகே 1949-ல் கட்டப்பட்டது. லார்ட் லைன் என்ற இழுவலைக் கப்பல் நிறுவனத்தின் அலுவலகமாக இருந்தது. துறை மூடப்பட்டபின் கைவிடப்பட்டு, சன்னல்கள் உடைந்து, சுவரெழுத்துகள் நிறைந்து பல ஆண்டுகள் பாழடைந்து நின்றது. ஹல் மீனவர்களின் உழைப்புக்கும் இழப்புக்கும் எஞ்சிய சில சான்றுகளில் இதுவும் ஒன்று.

துறையின் தோற்றம்

செயின்ட் ஆண்ட்ரூஸ் துறை நிலக்கரி ஏற்றுமதிக்காகத் திட்டமிடப்பட்டது. ஆனால் 1883-ல் திறக்கப்பட்டபோது மீன்பிடித் தொழிலுக்கே அளிக்கப்பட்டது. தொழில் வளர்ந்ததால் 1897-ல் மேற்கு நோக்கி விரிவாக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் வந்தபின் ஹல் மீனவர்கள் ஐஸ்லாந்து, பேரண்ட்ஸ் கடல் போன்ற தொலைதூர வடகடல்களுக்குச் சென்று காட், ஹேடாக் மீன்களைப் பிடித்து வந்தனர். ஒரு பயணம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும். இரு பயணங்களுக்கு நடுவே கரையில் கிடைப்பது மூன்று நாள். கையில் உள்ள கூலியை அதற்குள் செலவழித்துவிடுவதால் அவர்களுக்கு ‘மூன்று நாள் கோடீஸ்வரர்கள்’ என்ற பட்டப்பெயர் உண்டு. துறைக்கு அருகிலிருந்த ஹெஸல் சாலைப் பகுதி முழுவதும் இத்தொழிலை நம்பி வாழ்ந்தது.

1968-ஆம் ஆண்டின் விபத்துகள்

வடகடல் மீன்பிடிப்பு மிக ஆபத்தான தொழில். கடுங்குளிரில் கப்பலின் மேற்பகுதியில் உறையும் பனிக்கட்டியைக் கோடரியால் வெட்டி எறியாவிட்டால், பாரம் கூடிக் கப்பல் கவிழ்ந்துவிடும். 1968 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் செயின்ட் ரோமானஸ், கிங்ஸ்டன் பெரிடாட், ராஸ் கிளீவ்லேண்ட் ஆகிய மூன்று ஹல் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கின. 58 பேர் இறந்தனர். ராஸ் கிளீவ்லேண்டின் ஹாரி எட்டம் மட்டுமே உயிர் பிழைத்தார். செயின்ட் ரோமானஸ் வானொலி இயக்குநர் இல்லாமலே புறப்பட்டிருந்தது.

பெண்கள் துறைக்கு வருவது அபசகுனம் என்பது ஹல் மீனவர்களின் நம்பிக்கை. கணவரை வழியனுப்பக்கூடப் பெண்கள் அங்கே செல்வதில்லை. அந்த வழக்கத்தை மீறி, மீன் பதனிடும் வேலை செய்த லில்லியன் பிலோக்காவின் தலைமையில் பெண்கள் துறைக்கு ஊர்வலமாகச் சென்று கப்பல் உரிமையாளர்களிடம் நியாயம் கேட்டனர். ஏறத்தாழ 10,000 பேரிடம் கையெழுத்துப் பெற்று, லண்டன் சென்று அமைச்சர்களைச் சந்தித்தனர். ஒவ்வொரு கப்பலிலும் வானொலி இயக்குநர் இருக்க வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. அதுவும் பிற பாதுகாப்பு ஏற்பாடுகளும் ஏற்கப்பட்டன. தலையில் துணி கட்டியிருந்த இப்பெண்கள் பின்னாளில் ‘தலைத்துணிப் புரட்சியாளர்கள்’ எனப்பட்டனர். ஆனால் பிலோக்காவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் வேலையையும் இழந்தார்.

வீழ்ச்சி

ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 1958-ல் 12 கடல் மைலாகவும், 1972-ல் 50 மைலாகவும், 1975-ல் 200 மைலாகவும் நீட்டித்தது. இதனால் எழுந்த மோதல்கள் ‘காட் போர்கள்’ எனப்படுகின்றன. தன் மீன்வளத்தைக் காக்க ஐஸ்லாந்துக்குக் காரணம் இருந்தது. 1976-ல் பிரிட்டன் பணிந்தது. ஹல் மீனவர்களுக்கோ பிழைப்பே போயிற்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் துறை 1975 நவம்பரில் மூடப்பட்டு, எஞ்சிய கப்பல்கள் ஆல்பர்ட் துறைக்கு மாற்றப்பட்டன.

மீனவர்கள் பயணத்துக்குப் பயணம் ஒப்பந்தம் செய்தவர்கள் என்பதால் தற்காலிகத் தொழிலாளர்களாகக் கருதப்பட்டனர். பல்லாண்டுகள் கடலில் உழைத்தும் வேலையிழப்பு ஈட்டுத்தொகை கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு இழப்பீட்டுத் திட்டத்தை அறிவித்தது 2000-ஆம் ஆண்டில்தான். அதற்குள் பலர் இறந்துவிட்டனர்.

எஞ்சியவை

துறையின் ஒரு பகுதி தூர்க்கப்பட்டு வணிக வளாகமானது. மறுபகுதியில் சேறு படிந்து நாணல் வளர்ந்தது. நீரியல் கோபுரம், இறைப்பு நிலையம், லார்ட் லைன் கட்டடம் ஆகியவை மட்டும் நின்றன. கட்டடத்தை இடிப்பதா காப்பதா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. ஹல்லிலிருந்து சென்று கடலில் மாண்டவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். பெரும்பாலோரின் உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. அவர்கள் கடைசியாகக் கால் வைத்த கரை இதுவே. ஆண்டுதோறும் ஜனவரியில் உறவினர்கள் இங்கே கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். கட்டடக்கலைச் சிறப்பு பெரிதாக இல்லாத ஓர் அலுவலகத்தைக் காக்க ஹல் மக்கள் போராடியதற்குக் காரணம் அதுவே.