பள்ளிகளில் எச்.ஐ.வி. தடுப்புக் கல்வி

எச்.ஐ.வி. பரவும் வழிகளையும் தற்காப்பையும் வளரிளம் பருவத்தினருக்குக் கற்பிக்கும் பாடம். இந்தியாவில் இத்தொற்று 1986இல் சென்னையில், மருத்துவர்கள் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வில் முதன்முதலாகத் தெரியவந்தது. 2005இல் வந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டம் 9, 11ஆம் வகுப்புகளில் 16 மணி நேரம் ஒதுக்கியது. 2007இல் சில மாநிலங்கள் அதை நிறுத்தியது பிள்ளைகளுக்குப் பேரிழப்பு. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் எட்டாவதோடு படிப்பை விட்டு வலை இழுக்கப் போகும் பையனுக்கு இப்பாடம் எட்டவே எட்டாது; அதற்கு முன்பே தொடங்குவதுதான் முறை. கொசு கடித்தாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ எச்.ஐ.வி. தொற்றாது. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ளவருக்குக் குத்திய ஊசி, தொற்றுள்ள இரத்தம், தாய்வழி ஆகியவற்றால் பரவும் என்பதே அடிப்படை. ஆணுறை பற்றிக் கூச்சமின்றிச் சொல்லித்தர வேண்டும். தொற்றுள்ள மாணவரைப் பள்ளி ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் தடைசெய்கிறது. இலவச உதவி எண் 1097.